ஞாயிறுதோறும் நகர்ந்த கோயில்

எங்கள் தியானபுரத்து வேதக் கோயில் முதன்முதலாக நகர்ந்தது ஸ்தோத்திரப் பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை, கிழக்கே, நாலடி. பண்டிகைக்காக வாசலில் கட்டிய வாழைமரங்கள் கட்டிய இடத்திலேயே நிற்க, வாசல் மட்டும் அவற்றைத் தாண்டிப் போய் நின்றது. சுவரில் ஒரு கீறல் இல்லை, கூரையில் ஓர் ஓடு விலகவில்லை, மணிக்கூண்டில் புறா இட்டிருந்த முட்டைகூட உருளவில்லை. பால் வாங்கப் போன பெண்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து காபி போட்டார்கள், காபியை நீட்டும்போது புருஷன்மாரிடம் சொன்னார்கள். நாங்கள் போய் அளந்தோம். நாலடிதான் என்று உறுதியானதும் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. பத்தடி பதினைந்தடி என்றால்தானே கவலைப்பட வேண்டும்.

நான் வேதக்கண். அப்போது சபைக் கமிட்டியின் செயலாளர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், ஆகையால் எது நடந்தாலும் அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதி சரியாகிவிட்டது என்று நம்புகிறவன். கோயில் நகர்ந்ததையும் அப்படித்தான் எழுதினேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கடைசி ஆள் படியிறங்கி முதுகைத் திருப்பியதும் அது இன்னும் ஆறடி போயிற்று, அதையும் எழுதினேன். அதற்கடுத்த ஞாயிறு பதினோரடி. ஆள் உள்ளே இருக்கும்போதோ யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போதோ அது அசையாது. நாம் திரும்ப வேண்டும், கறிக்குழம்பை நினைக்க வேண்டும், வீட்டுப் பக்கம் நாலு எட்டு வைக்க வேண்டும், அப்போதுதான் போகும். மறைந்திருந்து பார்க்கலாம் என்று வேலிக்குப் பின்னால் உட்கார்ந்த ரெண்டு பேர் மத்தியானம் வரை உட்கார்ந்து, பசி தாங்காமல் எழுந்து போனார்கள். அந்த நேரம் பார்த்துப் போய்விட்டது.

மேலிடத்துக்குக் கடிதம் போட்டோம். ரெண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கோயில் என்பது அசையாச் சொத்து, அசையாச் சொத்து அசைந்ததைக் குறிப்பதற்குப் படிவத்தில் இடமில்லை, எனவே அசைந்தது கட்டிடமா நிலமா என்பதைத் தெளிவுபடுத்தி மறுபடியும் விண்ணப்பிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் தெளிவுபடுத்துவதற்குள் கோயில் அருமைநாயகம் வாத்தியாரின் வாழைத்தோட்டத்துக்குள் போய்விட்டது. ஒரு மரம் சாயவில்லை, வரப்பு கரையவில்லை, ஆனாலும் வாத்தியார் தன் தோட்டத்தில் மனுஷர் காலடி படக்கூடாது என்று வேலியில் முள் வெட்டிப் போட்டார். மூன்றே வாரத்தில் கோயில் அவர் தோட்டத்தை விட்டும் போய்விட, இருந்த இடத்தில் ஓர் இலைகூட வாடாமல் நிற்பதைப் பார்த்து அவருக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. வேலியை எடுத்துவிட்டு ஒரு மாதம் சும்மாவே அங்கே போய் நின்றுகொண்டிருந்தார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

எதற்கும் பழகிக்கொள்ளும் ஊர் எங்கள் ஊர். முதல் மணியை அரை மணி நேரம் முன்னதாக அடிக்க ஏற்பாடு செய்தோம், பிறகு ஒரு மணி நேரம் முன்னதாக. ஒரு வேன் பேசினோம். வேன் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை வந்தது, கோயில் போகப் போக டீக்கடையும் பின்னாலேயே போனது, கொஞ்ச நாளில் கோயிலுக்குள் இருந்ததைவிட டீக்கடையில் கூட்டம் அதிகமாயிற்று. கோயில் எந்தத் திக்கில் போகும் என்று பார்த்து, 'ஆலயத்துக்கு மிக அருகில்' என்று மனை விற்கப் பலகை வைத்தவர்கள் உண்டு; அந்தப் பலகைகள் இப்போதும் பனைகளுக்கு நடுவே யாருக்கும் அருகில் இல்லாமல் நிற்கின்றன. பிறகு தேரி வந்தது. தேரி என்றால் எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் செம்மண் மணல்காடு, காலை வைத்தால் கணுக்கால் வரை உள்ளே வாங்கும். வேன் அங்கே புதைந்தது. நடந்தோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வேட்டியும் பட்டுச்சேலையும் சிவப்பேறி, போகும்போது கோயிலைத் தேடியும் வரும்போது நிழலைத் தேடியும் நடந்தோம், நடந்து நடந்து ஜெபத்தில் முழங்கால் போட்டதும் தூங்கினோம்.

ஒருவரும் ஒரே நாளில் விட்டுவிடவில்லை. முருங்கை காய்ப்பு இருக்கிறவர்கள் காய்ப்பு முடியும் வரை வரமுடியாது என்றார்கள், காய்ப்பு முடிந்த பிறகு விதைப்பு இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஞாயிறு டியூஷன் இருந்தது. சர்க்கரை வியாதிக்காரருக்கு மணல் சூடு ஆகாது. சொந்தக்காரர் வந்தார்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம், உடம்பு அலுப்பாக இருந்தது, வாரத்தில் ஒரு நாள்தானே ஓய்வு. யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் விசேஷம். எல்லாக் காரணமும் உண்மையான காரணம். ஐயர்கூட (போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம்) ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்தார். பிறகு ஒரு நாள், கோயில் அவருடைய சேகரத்தின், அதாவது அவர் பொறுப்பிலிருந்த வட்டாரத்தின், எல்லையைத் தாண்டி அடுத்த சேகரத்துக்குள் போய்விட்டது என்றும், அங்கே ஆராதனை நடத்தத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அடுத்த சேகரத்து ஐயரோ, கட்டிடம் என் எல்லையில் இருக்கலாம், சபை என் சபை இல்லையே என்றார்.

அப்போதுதான் புதுக் கோயில் கட்டுவதென்று தீர்மானம் போட்டோம். நான்தான் எழுதினேன். ஆண்டவர் எங்கும் இருக்கிறவர் என்பதால் பழைய இடத்திலேயே கட்டலாம் என்று எழுதியபோது, எனக்கே அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்திருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம், கார் நிறுத்த இடம், உள்ளே ஏசி, வாசலில் கமிட்டிக்காரர்களின் பெயர் பொறித்த கருங்கல். கல்லில் என் பெயர் மூன்றாவது. அந்தக் கல்லைப் பட்டறையில் போய் நான் ஐந்து தடவை பார்த்திருக்கிறேன், இதை என் மனைவி ரூபிக்குக்கூடச் சொன்னதில்லை.

கடைசியில் பழைய கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது சுகிர்தம் ஒருத்திதான். எனக்கு அடுத்த வீடு. புருஷன் இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், இருபது வருஷம் பெரிய அண்டாவைத் தூக்கித் தூக்கி ரெண்டு முழங்காலும் வீங்கிப் போனவள். உறவில்லாவிட்டாலும் என்னை அண்ணே என்பாள், நானும் தங்கச்சிக்குச் செய்கிற மாதிரி அவளுக்கு ரேஷன் கார்டு, பென்ஷன் மனு எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளைப் பெரிய பரிசுத்தவாட்டி என்று நினைத்துவிட வேண்டாம். குழாயடியில் அவள் வாய்க்குப் பயந்து குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தவர்கள் உண்டு, சீரியல் நேரத்தில் கதவைத் தட்டினால் கேட்காது. சனிக்கிழமை கோயிலைப் பெருக்கிப் பாய் விரிக்கும் வேலை அவளுடையது, அதைச் செய்ய ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது, அவ்வளவுதான். தேரிக்குள் போன பிறகு சனி, ஞாயிறு ரெண்டு நடை முடியாமல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலமே போய், பெருக்கி, பாய் விரித்து, மணியடித்து, தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடி, வேதம் வாசித்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வருவாள். போகும்போது கோயிலைத் திட்டிக்கொண்டே போவாள், வரும்போது காலைத் திட்டிக்கொண்டே வருவாள். ஏன் போகிறாய் என்று கேட்டால், போகாமல் எப்படி, கதவைத் திறக்க ஆள் வேண்டாமா என்பாள். அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தெரியாது.

அவளுக்கு ஒரே மகன், ஆல்வின். மும்பையில் வேலை பார்த்த இடத்தில் ஒரு மராத்திப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். சுகிர்தம் போனில் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னாள், அவனும் சொன்னான், ஒன்பது வருஷம் பேச்சில்லை. அந்தக் கோபம் அவளுக்கு ரெண்டாம் வருஷமே தீர்ந்துவிட்டது, சொல்லத்தான் வழி தெரியவில்லை. இப்படியிருக்க, புதுக் கோயில் பிரதிஷ்டைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஆல்வின் ரூபியின் போனுக்குப் பேசினான். அவனும் மனைவியும் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிறார்கள். பிரதிஷ்டை நடக்கும் அதே ஞாயிறு சாயங்காலம் திருவனந்தபுரத்தில் விமானம். காலையில் ஒன்பது மணிக்குத் தியானபுரம் வந்து பதினொன்றரைக்குப் புறப்பட்டுவிடலாம், அதைவிட்டால் வேறு நாள் இல்லை. அம்மாவுக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள் அத்தை என்றான். சுகிர்தம் போனைப் பிடுங்கிக்கொண்டு, வா என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. வீடுவீடாகப் போனாள். ஒரே ஒரு வாரம், யாராவது ஒருத்தர் போய்க் கதவைத் திறந்து மணியடித்துவிட்டு வந்தால் போதும் என்று கேட்டாள். அன்றைக்குப் பார்த்து ஊர் முழுக்கப் பிரதிஷ்டை வேலை. ஒருத்தருக்குப் பந்தல், ஒருத்தருக்குப் பிரியாணி, ஒருத்தர் அப்போதுதான் வாங்கிய காரில் குடும்பத்தோடு வர வேண்டும், ஒருத்தருக்குக் கல்யாணம் ஆகி எட்டு நாள். எல்லாரும் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்துத்தான் அனுப்பினார்கள். கடைசியாக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எம்புள்ள வாரான். ஒரே ஒரு ஞாயித்துக்கெழம நீங்க போயிட்டு வந்துருங்க."

"போறேன் சுகிர்தம், இது ஒரு பெரிய காரியமா" என்றேன். சொல்லும்போது மனசாரத்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமை ஆடு அறுக்கிறவனிடம் நெஞ்செலும்பு சொல்லி வைத்தாள், சனிக்கிழமை வீட்டுக்கு வெள்ளையடித்தாள், மருமகளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால் எல்லாப் பலகாரமும் செய்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அழைப்பிதழோடு ஒரு நிகழ்ச்சிநிரல் வந்தது. பத்து மணிக்குக் கமிட்டிக்காரர்களுக்கு மேடையில் பொன்னாடை. பிஷப் கையால். நான் ராத்திரி சாப்பிடும்வரை அதைப் பற்றி யோசிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு விடிந்தும் விடியாமலும் எழுந்து, தேரிக்குப் போகிற ஆள் போலவே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவன், சுகிர்தத்தின் அடுக்களை வாசலில் போய் நின்றேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒரு வாரம்தான சுகிர்தம். நம்ம நெலம ஆண்டவருக்குத் தெரியாதா?"

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். குழாயடியில் கேட்ட வார்த்தைகள் எனக்குத் தெரியும், அதில் நாலைந்துக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கரண்டியைக் கழுவி மாட்டினாள், அடுப்பை அணைத்தாள்.

"அவருக்குத் தெரியும் அண்ணே. ஆனா அங்க ஒத்தையில இருப்பாருல்லா."

சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். போகிற போக்கில் ரூபியை எழுப்பி, பிள்ளை வந்தால் சோறு போடு, எப்படியாவது பிடித்து வை, பதினொன்றரைக்குள் வந்துவிடுவேன் என்று சொன்னாளாம். ரயிலில் இருந்த ஆல்வினுக்குப் போன் போகவில்லை. அவள் அந்த முழங்காலோடு வேகமாக நடக்க முயன்று, நடக்கிறதும் ஓடுகிறதும் இல்லாத ஒரு நடையில் தெருவைத் தாண்டுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போய்க் குளித்தேன்.

கோயில் அன்றைக்குக் கடலுக்கே வந்துவிட்டிருந்தது. கீழே ரெண்டு படி தண்ணீருக்குள் இருந்தது என்று அவள் பிற்பாடு ரூபியிடம் சொல்லியிருக்கிறாள். கதவைத் திறந்தாள், பெருக்கினாள், மணியடித்தாள், பாட்டு வரவில்லை. ஜெபமும் வரவில்லை. மனசு முழுக்க வீட்டு வாசலில் கிடந்தது. முழங்கால் போட்டு, வந்திருக்கேன் என்று மட்டும் சொன்னாளாம். ஆராதனைக்கு உண்டான நேரத்தில் ஒரு நிமிஷம் குறைக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வந்தாளாம்.

ஆல்வின் மனைவியோடு சரியாக ஒன்பது மணிக்கு வந்தான். நான் புதுக் கோயிலில் இருந்தேன். ரூபி பலகாரம் வைத்தாள், சோறு போட்டாள். அந்தப் பெண் தலையை மூடிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தாளாம், மாமியார் படத்தைப் பார்த்து என்னவோ கேட்டாளாம். அம்மா எங்கே என்று ஆல்வின் முதலில் கேட்டபோது ரூபி, கோயிலுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றாள். பத்து மணிக்குக் கேட்டபோதும் அதையே சொன்னாள். பதினொரு மணிக்கு அவன் கேட்கவில்லை. பதினொன்றரைக்கு நான் வந்து சேர்ந்தபோது அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தேரிப் பக்கம் பார்த்தபடி நின்றான். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்றேன். டிரைவர் நேரத்தைச் சொன்னான். பதினைந்து நிமிஷம் பார்த்தோம்.

"அம்மாவுக்கு இன்னும் எம்மேல கோவம் தீரல போல. இன்னைக்கும் கோயிலத்தான் பெருசுன்னு காட்டிட்டா. சரி மாமா, வாரேன்."

போக வேண்டியது நான்தான், சொல்லிவிட்டுப் போகாதவன் நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். என் தோளில் பிஷப் போட்ட பொன்னாடை கிடந்தது, தங்க நிறச் சரிகை, புத்தம்புதிய மடிப்பு வாசனை. அவன் அதைப் பார்த்து, விசேஷமா மாமா, சந்தோஷம் என்றான். நான் தலையை ஆட்டினேன். கார் போய்விட்டது.

சுகிர்தம் வந்தபோது மணி பன்னிரண்டேகால். இடுப்புவரை சிவப்பு மண், உதடு வெடித்திருந்தது. வாசலில் கார் இல்லை என்பதைத் தெருமுனையிலேயே பார்த்திருப்பாள், ஆனாலும் அதே வேகத்தில்தான் வந்தாள்.

"சாப்ட்டானா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வாட்டி கொழம்பு ஊத்திச் சாப்ட்டான்" என்றாள் ரூபி.

சுகிர்தம் கால் கழுவினாள், உள்ளே போனாள், அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அதிலேயே தனக்கும் சோறு போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் வாசலில் நின்றேன்.

திங்கட்கிழமை காலையில் வாசல் பெருக்குவதற்காகக் கதவைத் திறந்தவளுக்கு எதிரே தெரு இல்லை, கோயில் இருந்தது. அவள் வீட்டுப் படியும் கோயில் படியும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி, தெருவை அடைத்து, ரெண்டு பக்கச் சுவரிலும் ஒரு சிராய்ப்பு இல்லாமல், கீழ்ப்படிகளில் கடல் ஈரமும் பாசியும் சிப்பியுமாக நின்றது. ஊர் திரண்டுவிட்டது. பால் வாங்கப் போனவர்கள் இந்தத் தடவை பாலை மறந்தார்கள். ஐயர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். எல்லாரும் அவளைத்தான் பார்த்தோம், முழங்கால் போடுவாள், கையை உயர்த்துவாள், ஸ்தோத்திரம் சொல்லுவாள் என்று காத்திருந்தோம். அவள் விளக்குமாற்றைப் பிடித்தபடி மேலிருந்து கீழ்வரை அதை நன்றாகப் பார்த்தாள்.

"நேத்தே வந்திருக்கப்பிடாதா, ஆண்டவரே?" என்றாள்.

பிறகு படியில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை. அவளைத் தேற்றப் பக்கத்தில் போக ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, போகத் தகுதியான ஆளும் எங்களில் இல்லை. வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, எழுந்து, படியில் கிடந்த சிப்பியையும் பாசியையும் கூட்டித் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

அதற்குப் பிறகு கோயில் நகரவே இல்லை. அதற்கும் ஊர் பழகிவிட்டது. பஞ்சாயத்தில் 'பாதை இல்லை' என்று பலகை வைத்தார்கள், மினி பஸ் தெற்குத் தெரு வழியாகத் திரும்புகிறது, மின்கம்பியை மணிக்கூண்டுக்கு மேலே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். புதுக் கோயிலில் ஏசி நன்றாக வேலை செய்கிறது, கூட்டத்துக்குக் குறைவில்லை. பழைய கோயிலுக்கு அங்கிருந்து இருநூறு அடி இருந்தால் அதிகம். தூரம் என்று சொல்ல இனி எங்களுக்கு வழியில்லை, ஆகவே யாரும் எதுவும் சொல்வதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் தெற்குத் தெரு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். சுகிர்தம் பாய் விரித்துக் கதவைத் திறந்து வைக்கிறாள். அருமைநாயகம் வாத்தியார் மட்டும் சில வாரம் வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம். ஆல்வினின் ஆஸ்திரேலியா நம்பரை ரூபி எனக்கு எழுதித் தந்திருக்கிறாள், அது இன்னும் மடித்தபடியே என் சட்டைப் பையில் இருக்கிறது.

அடுத்த வீடு என்பதால் எனக்குச் சுற்றிப் போகவும் வழியில்லை. கதவைத் திறந்தால் கோயில்தான், உள்ளே அவள் பாடுவது கேட்கும். நான் கொல்லைப்புறமாகப் போய் வருகிறேன். எட்டு மாதமாக என் வீட்டு முன்வாசலை நான் திறக்கவில்லை.